கரிக்குப் புது வேலை, கரி அள்ளியவருக்கு?

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு லெகோ நினைவிருக்கும். நெய்வேலி பழுப்பு நிலக்கரியை உலர்த்தி, அழுத்திக் கட்டியாக்கி, காற்றில்லாமல் சுட்டு எடுத்த எரிபொருள் அது. விறகைப் போலப் புகையாது. மண்ணெண்ணெயைப் போல ரேஷன் கடை வாசலில் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. அதற்கென்றே தனி அடுப்பு விற்றார்கள். பிறகு சமையல் எரிவாயு வந்தது. புத்தாயிரத்தின் தொடக்கத்தில் லெகோவும் போனது, அதைச் செய்த ஆலையும் போனது.

அதே நெய்வேலியில் ஓர் உரத் தொழிற்சாலையும் இருந்தது. 1960களிலேயே பழுப்பு நிலக்கரியை வாயுவாக்கி, அந்த வாயுவிலிருந்து அமோனியாவும், அமோனியாவிலிருந்து யூரியாவும் எடுத்தார்கள். பின்னாளில் கரிக்குப் பதிலாக எண்ணெய்க்கு மாறினார்கள். கடைசியில் அதுவும் மூடப்பட்டது.

இந்தப் பழங்கதையை இப்போது எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. ‘கரியை எரிக்காமல் வேறு வழியில் பயன்படுத்தப் போகிறோம்’ என்று இன்று டெல்லியிலிருந்து வரும் அறிவிப்புகள் புத்தம்புதிய விஷயம்போலப் பேசப்படுகின்றன. நம் மாவட்டத்துக்கு இது புதிதல்ல. நெய்வேலி இதை ஒருமுறை செய்து பார்த்து மூடியும் விட்டது. அந்த ஆலைகள் மூடப்பட்டபோது யார் எங்கே போனார்கள் என்ற கேள்வியை மட்டும் அன்று யாரும் உரக்கக் கேட்கவில்லை. இந்த முறையாவது கேட்க வேண்டும்.

என்ன மாறப் போகிறது?

2030ஆம் ஆண்டுக்குள் 10 கோடி டன் நிலக்கரியை வாயுவாக்க வேண்டும் என்பது ஒன்றிய அரசின் இலக்கு. இதற்காக 2024 ஜனவரியில் 8,500 கோடி ரூபாய் உதவித் திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியிலிருந்து நாளொன்றுக்கு 1,200 டன் மெத்தனால் எடுக்கும் திட்டமும் அறிவிக்கப்பட்டது.

வாயுவாக்குதல் என்றால் என்ன என்பதை நம் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கரியை முழுதாக எரிய விட்டால் சூடு கிடைக்கும். சூட்டில் நீராவி, நீராவியில் மின்சாரம். வாயுவாக்கும்போது போதிய ஆக்சிஜன் கொடுக்காமல், நீராவியும் சேர்த்து, கரியை அரைகுறையாக வேக வைக்கிறார்கள். அப்போது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயு வெளிவருகிறது. அதைக் கொண்டு மெத்தனால் செய்யலாம், அமோனியா செய்யலாம், யூரியா செய்யலாம். பெயின்ட், பசை, பிளைவுட், மருந்து எனப் பல தொழில்களுக்கு மூலப்பொருள் இதிலிருந்து கிடைக்கும்.

வேறு வழிகளும் இருக்கின்றன. உரக்கடையில் புட்டியில் விற்கிறார்களே ஹியூமிக் அமிலம், அதைப் பழுப்பு நிலக்கரியிலிருந்து எடுக்கலாம். நெய்வேலி ஆராய்ச்சி மையமே அதைச் செய்து காட்டியிருக்கிறது. சாம்பல் செங்கல்லாகிறது, சிமென்ட்டில் கலக்கிறது. கரிக்கு மேலே கிடக்கும் மண்ணைச் சலித்துக் கட்டுமான மணலாக்குகிறார்கள்.

மறுபக்கம் பழையவை மூடப்படுகின்றன. 1962இல் ஓடத் தொடங்கிய நெய்வேலி முதல் அனல்மின் நிலையம் 2020இல் நிறுத்தப்பட்டது. சூரிய மின் தகடுகள் ஏக்கர் ஏக்கராக வெயிலில் பளபளக்கின்றன. 2070க்குள் கரி உமிழ்வைச் சுழியமாக்குவோம் என்று 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் பிரதமர் அறிவித்துவிட்டார். இன்றைக்குப் பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளை ஓய்வுபெறுவதற்குள் இந்தச் சுரங்கமும் புகைபோக்கியும் இன்றிருப்பதுபோல இருக்காது என்பதை இப்போதே சொல்லிவிடலாம்.

மாற்றம் வேண்டாம் என்று நாம் சொல்லப்போவதில்லை. ராட்சத நீரேற்றிகள் நிலத்தடி நீரை இரவும் பகலும் வெளியே தள்ளுவதால் கிணறு வற்றிய ஊர்களில் நம் சேரிகளும் இருக்கின்றன. சாம்பல் காற்றில் பறந்தால் அது முதலில் படிவது நம் கூரைமேல்தான். பழைய தொழிலை அப்படியே காப்பாற்று என்று கேட்க நமக்கு எந்த ஆசையும் இல்லை. மாறும்போது யாரைக் கூட்டிக்கொண்டு மாறுகிறீர்கள் என்பதே நம் கேள்வி.

சீட்டில் எழுதாத திறமை

சில மாதங்களுக்கு முன் சுரங்கத்தை ஒட்டிய ஒரு சேரியில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். ஐம்பதைக் கடந்த ஓர் அண்ணன். பல ஒப்பந்ததாரர்களிடம் மாறி மாறி இருபது ஆண்டுகளுக்கு மேல் கரி ஏற்றிச் செல்லும் பெல்ட்டுகளில் வேலை செய்தவர். அவர் சொன்னார்:

“பெல்ட்டு ஓடுற சத்தத்த வச்சே எந்த ரோலர் மக்கர் பண்ணுதுன்னு சொல்லிருவேன் தம்பி. படிச்சிட்டு வர்ற இன்ஜினியர் புள்ளைங்க எங்கிட்டதான் கேக்கும். ஆனா என் சீட்டுல இன்னைக்கும் ‘அன்ஸ்கில்டு’ன்னுதான் போட்டிருக்கு.”

ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் அவருக்குப் புதுச் சீட்டு வருகிறது. அதோடு அவருடைய அனுபவமும் முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்குகிறது. இருபது ஆண்டுகள் வேலை செய்தவரின் கையில் இருபது ஆண்டுகளைச் சொல்லும் ஒரு தாள்கூட இல்லை.

அவர் மகனின் யோசனைப்படி சூரிய மின் தகடு பொருத்தும் பயிற்சிக்கு விண்ணப்பிக்க ஒரு பயிற்சி மையத்துக்குப் போயிருக்கிறார். ‘ஐ.டி.ஐ. சான்றிதழ் இருக்கிறதா?’ என்று கேட்டார்களாம். எட்டாம் வகுப்போடு நின்றவர். திரும்பி வந்துவிட்டார். அந்த மையத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஒன்றிய அரசின் சூரியமித்ரா பயிற்சித் திட்டமே பத்தாம் வகுப்போடு ஐ.டி.ஐ. போன்ற தொழிற்கல்வி முடித்தவர்களை நோக்கித்தான் வகுக்கப்பட்டது. கதவு வைத்திருக்கிறார்கள், ஆனால் படிக்கட்டை மூன்றாவது படியிலிருந்துதான் கட்டியிருக்கிறார்கள்.

அதே மரத்தடியில் ஒரு சின்னம்மாவும் இருந்தார். நடவுக்கும் களைக்கும் போனவர். அவர் வேலை செய்த வயல்கள் இன்று சுரங்கத்தின் பள்ளம். அவர் கேட்ட கேள்வியை நம்மால் மறக்க முடியவில்லை.

“நெலம் குடுத்தவங்களுக்குப் பணம் வந்துச்சு. நாங்க குடுத்தது எங்க வேலைய. அதுக்கு என்ன தம்பி கணக்கு?”

கரித்தொழிலாளர் பட்டியலில் அந்தச் சின்னம்மா பெயர் இருக்காது. நிலம் இழந்தோர் பட்டியலிலும் இருக்காது. ஆனால் கரி வந்ததால் தொழில் போனது அவருக்குத்தான். இத்தனைக்கும் நெய்வேலி வரலாற்றில் 620 ஏக்கர் நிலத்தைக் கொடையாகத் தந்த ஜம்புலிங்க முதலியாரின் பெயர் இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். நிலத்தில் உழைத்தவர்களின் பெயரை எழுத ஒரு பலகைகூட இல்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் நின்ற வயலில் எந்திரம் இறங்கியபோது மாநிலமே பேசியது. நிலத்துக்காரரின் பயிரைப் பற்றிப் பேசினார்கள், நியாயம்தான். அந்தக் கதிரை அறுக்கப் போகவிருந்த கூலிப் பெண்களைப் பற்றி எத்தனை பேர் பேசினார்கள்?

அம்பேத்கர் சுரங்கத்தில் இறங்கினார்

தொழில் மாறுவதைப் பற்றியும் தொழிலாளி மாறுவதைப் பற்றியும் நமக்கு முன்னே யோசித்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். 1936இல் வெளிவந்த ‘சாதியை அழித்தொழித்தல்’ நூலில் அவர் எழுப்பும் வாதங்களில் ஒன்று நம் மேடைகளில் அதிகம் பேசப்படாதது. தொழில்துறை ஒருபோதும் ஒரே நிலையில் நிற்காது. அது மாறும்போது மனிதனும் தன் தொழிலை மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் வேண்டும். சாதி அந்தச் சுதந்திரத்தை மறுக்கிறது. எனவே வேலையின்மைக்குச் சாதியே நேரடிக் காரணமாகிறது என்கிறார். ஒரு பொருளாதார அறிஞர் சொன்ன பொருளாதாரக் காரணம் இது. மறுபயிற்சி என்று இன்று எல்லோரும் பேசுகிற விஷயத்தின் நடுவில் சாதி நிற்கிறது என்பதை அவர் அன்றே காட்டிவிட்டார்.

அவர் எழுதியதோடு நிற்கவில்லை. 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தார். 1943 டிசம்பரில் தன்பாத் நிலக்கரி வயலுக்குப் போய்ச் சுரங்கத்துக்குள்ளேயே இறங்கித் தொழிலாளர் நிலையைப் பார்த்தார். 1944இல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நல நிதிக்கான அவசரச் சட்டம் வந்தது. போர் முடிந்த 1945இல், படையிலிருந்து திரும்பியவர்களுக்கும் போர்க்காலத் தொழிற்சாலைகளில் வேலை இழந்தவர்களுக்கும் மறுவேலையும் பயிற்சியும் கொடுக்க ஒரு தனி இயக்குநரகம் தொடங்கப்பட்டது. அது அவர் பொறுப்பிலிருந்த தொழிலாளர் துறையின் கீழ்தான் வந்தது. இன்றைய வேலைவாய்ப்பு அலுவலகங்களும் ஐ.டி.ஐ. நிர்வாகமும் அந்த வேரிலிருந்து கிளைத்தவை.

அதாவது, தொழில் மாறும்போது தொழிலாளியை அரசு கைவிடக் கூடாது என்ற கொள்கை இந்தியாவுக்கு வெளிநாட்டிலிருந்து இன்று வந்ததல்ல. அம்பேத்கரின் மேசையிலிருந்த கோப்பு அது. அவர் படத்தை மாட்டி வைத்திருக்கும் அலுவலகங்கள் அந்தக் கோப்பையும் எடுத்துப் பார்க்கலாம்.

பதினைந்து நாள் கூலி

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில் ‘தொழிலாளர் மறுதிறன் நிதி’ என்று ஒன்று இருக்கிறது. ஆட்குறைப்புக்கு ஆளாகும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் அவர் கடைசியாக வாங்கிய கூலியில் 15 நாள் கூலியை முதலாளி அந்த நிதியில் கட்ட வேண்டும். அது தொழிலாளியின் கணக்குக்கு வரும். நாள் கூலி 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 9,000 ரூபாய். ஒரு மனிதன் இருபது ஆண்டுத் தொழிலை விட்டு இன்னொரு தொழிலைக் கற்றுக்கொள்ள இந்த நாடு போட்டிருக்கும் விலை அவ்வளவுதான்.

அந்த 9,000கூட நம் அண்ணனுக்கு வருமா? ஆட்குறைப்பு செய்யப்பட்டவருக்குத்தான் அந்த நிதி. ஒப்பந்தக் காலம் முடிந்து வேலை நின்றுபோவது ஆட்குறைப்புக் கணக்கில் சேராது. நிரந்தரத் தொழிலாளிக்கு ஓர் ஆலை மூடினால் இன்னொரு பிரிவு இருக்கும், விருப்ப ஓய்வு இருக்கும், பேச ஒரு சங்கம் இருக்கும். ஒப்பந்தத் தொழிலாளிக்கு மறுநாள் காலை கேட்டில் சீட்டு செல்லாது, அவ்வளவே. நம் சேரிகளிலிருந்து கரி வேலைக்குப் போனவர்களில் மிகப் பலர் இந்த இரண்டாவது வரிசையில் நிற்பவர்கள். 2020ஆம் ஆண்டு மே மாதமும் ஜூலை மாதமும் நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் நடந்த கொதிகலன் விபத்துகளில் இறந்தவர்களிலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருந்தார்கள். ஆபத்தில் முதல் வரிசை, பயிற்சியில் கடைசி வரிசை என்பதுதான் நடைமுறை.

இன்னொரு சட்டம் நமக்குச் சாதகமாக இருக்கிறது. ஆனால் நம்மவர்களில் பலருக்கு அது தெரியாது. 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டம், நிலச் சொந்தக்காரரை மட்டும் பாதிக்கப்பட்டவர் என்று சொல்லவில்லை. கையகப்படுத்தலுக்கு முந்தைய மூன்று ஆண்டுகள் அங்கே வேலை செய்து, அதையே முதன்மை வாழ்வாதாரமாகக் கொண்டிருந்த விவசாயக் கூலி, குத்தகைதாரர், கைவினைஞர் குடும்பங்களையும் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் என்கிறது. அதன் இரண்டாம் அட்டவணை மூன்று வழிகளைச் சொல்கிறது. திட்டத்தால் வேலைகள் உருவானால் உரிய பயிற்சி கொடுத்துக் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை. அல்லது ஒரே தவணையாக 5 லட்சம் ரூபாய். அல்லது மாதம் 2,000 ரூபாய்க்குக் குறையாமல் 20 ஆண்டுகள். பழைய கையகப்படுத்தல்களுக்கு இது பெரும்பாலும் பின்னோக்கிச் செல்லாது. ஆனால் இனி எடுக்கப்படும் ஒவ்வொரு ஏக்கருக்கும் இது பேசும். சின்னம்மாவின் கேள்விக்குச் சட்டப் புத்தகத்தில் பதில் இருக்கிறது. அந்தப் பதிலை அவர் வீட்டு வாசலுக்குக் கொண்டுவரத்தான் ஆள் இல்லை.

பொதுப்பணம் போகிறது, இடஒதுக்கீடு போகுமா?

தலித் மக்கள் கூர்ந்து பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. பொதுத்துறையின் நிரந்தர வேலைகளில் பட்டியல் சாதியினருக்கு இடஒதுக்கீடு உண்டு. நம் ஊர்களில் முதன்முதலாகக் காரை வீடு கட்டியவர், பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பியவர் யாரென்று விசாரித்துப் பாருங்கள். பல இடங்களில் அவர் ஏதோ ஒரு பொதுத்துறையில் நிரந்தர வேலை பார்த்தவராக இருப்பார். ஒரு தலைமுறையையே தூக்கி நிறுத்தியது அந்த இடஒதுக்கீடு.

நிரந்தர இடம் ஒப்பந்த இடமாக மாறிய அன்றே இடஒதுக்கீட்டில் பாதி கரைந்துவிட்டது. இப்போது தொழிலே மாறப் போகிறது. வாயுவாக்கத்துக்கான 8,500 கோடியில் 4,050 கோடி பொதுத்துறைக்கு மட்டும். 3,850 கோடிக்குத் தனியாரும் போட்டியிடலாம். மீதி 600 கோடி சிறு ஆலைகளுக்கும் செயல்விளக்கத் திட்டங்களுக்கும். தனியார் ஆலைக்கு அரசுப் பணம் போகும்போது அந்தப் பணத்தோடு இடஒதுக்கீடும் போகுமா? போகாது என்றால், வரிப்பணத்தில் நம் பங்கு மட்டும் உள்ளே போய், நம் பிள்ளைகள் வெளியே நிற்கிறார்கள் என்று பொருள்.

வேதிப்பொருள் ஆலைகளின் இயல்பும் வேறு. சுரங்கத்துக்கு ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும். மெத்தனால் ஆலைக்குக் குறைவாக, ஆனால் வேதியியல், கருவியியல் தெரிந்தவர்களாக வேண்டும். நம் பிள்ளைகள் இயந்திரவியல் டிப்ளமோ முடித்துவிட்டுச் செல்போன் கடையில் நிற்கிறார்கள். எந்தப் பாடத்துக்கு வேலை வரப்போகிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

மெத்தனால் என்ற சொல்லே நம் சேரிகளுக்கு எப்படி அறிமுகமானது என்பதை மறந்துவிடக் கூடாது. 2023 மே மாதத்தில் மரக்காணம் பகுதியில், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60க்கும் மேற்பட்ட உயிர்கள். இறந்தவர்களில் நம்மவர்கள் பலர். அதே மெத்தனாலை நாளுக்கு 1,200 டன் செய்யும் ஆலை வந்தால், அதை ஏற்றி இறக்கும் டேங்கர் வேலைக்கு யார் போவார்கள்? பகல் வெளிச்சத்தில் மெத்தனால் எரியும் தீ கண்ணுக்குத் தெரியாது என்பதை அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுப்பார்கள்? பயிற்சி என்பது வேலை வாங்கும் சீட்டு மட்டுமல்ல. உயிரோடு வீடு திரும்பும் வழியும் அதுதான்.

சூரிய மின்சாரத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். தகடு பொருத்துபவர் ஒருவர், கண்காணிப்பவர் ஒருவர், தகட்டைக் கழுவி அடியில் முளைத்த புல்லை வெட்டுபவர் இன்னொருவர். இந்த மூன்றாவது வேலைக்கு மட்டும் சேரியில் ஆள் தேடினால், தொழில் மாறியது, சாதி மாறவில்லை என்றுதான் எழுத வேண்டியிருக்கும். துடைப்பம் போய்த் தண்ணீர்க் குழாய் கைக்கு வந்ததை முன்னேற்றம் என்று யாரும் நமக்கு விற்கக் கூடாது.

வேறு ஊர்களில்

ஜெர்மனியின் ரூர் பகுதியில் 1950களில் பல லட்சம் பேர் கரித்தொழிலில் இருந்தார்கள். கடைசிச் சுரங்கத்தை 2018 டிசம்பர் 21 அன்று மூடினார்கள். அறுபது ஆண்டுகள் எடுத்துக்கொண்டு, முன்கூட்டிய ஓய்வு, மறுபயிற்சி என்று படிப்படியாக இறக்கினார்கள். 1965இலேயே போஹும் நகரில் ஒரு பல்கலைக்கழகத்தைத் திறந்தார்கள்; சுரங்கத் தொழிலாளியின் பிள்ளை சுரங்கத்துக்குப் போகாமல் படிக்கப் போக வழி கிடைத்தது. சங்கங்கள் வலுவாக இருந்ததாலும், நிர்வாகக் குழுவிலேயே அவற்றுக்கு இடம் இருந்ததாலும் இது நடந்தது.

பிரிட்டனில் வேறு கதை. 1984-85இல் ஓராண்டு நடந்த வேலைநிறுத்தத்தை அரசு தோற்கடித்தது. சுரங்கங்கள் வேகவேகமாக மூடப்பட்டன. வேல்ஸ், யார்க்‌ஷயர் பள்ளத்தாக்கு ஊர்கள் அந்த அடியிலிருந்து எழ ஒரு தலைமுறைக்கு மேல் ஆகியும் முடியவில்லை.

இரண்டு நாடுகளிலும் கரி ஒன்றுதான். முன்கூட்டித் திட்டமிட்டதும், தொழிலாளியோடு உட்கார்ந்து பேசியதும்தான் வித்தியாசம். நமக்கு இன்னொரு சிக்கல் கூடுதலாக இருக்கிறது: பேச உட்காரும் மேசையிலேயே ஒப்பந்தத் தொழிலாளிக்கும் கூலிப் பெண்ணுக்கும் நாற்காலி போடுவதில்லை.

நாம் கேட்பது என்ன?

ஒன்று: கணக்கெடுப்பு. எந்த ஆலை மூடுவதற்கும் எந்தப் புது ஆலை திறப்பதற்கும் முன்னால், நிரந்தரம், ஒப்பந்தம் என்று பிரிக்காமல் தொழிலாளர் அனைவரையும், சுற்று ஊர்களின் நிலமற்ற கூலிக் குடும்பங்களையும் வீடுவீடாகக் கணக்கெடுக்க வேண்டும். கணக்கில் இல்லாதவருக்குத் திட்டத்திலும் இடமில்லை.

இரண்டு: இருக்கும் திறமைக்குச் சான்றிதழ். முன்கற்றலை அங்கீகரிக்கும் முறை ஒன்று மத்திய அரசின் திறன் திட்டத்திலேயே இருக்கிறது. வேலை செய்து கற்றவரைச் செய்து காட்டச் சொல்லி, மதிப்பிட்டு, சான்றிதழ் கொடுக்கும் முறை அது. சத்தத்தைக் கேட்டே பழுது கண்டுபிடிக்கும் அண்ணன்களுக்கு அந்தச் சான்றிதழை முதலில் கொடுங்கள். அதன்பின் அடுத்த படியில் ஏறுவது அவர்களுக்குக் கடினமில்லை.

மூன்று: பயிற்சிக் காலத்துக்குக் கூலி. அன்றாடம் வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும் வீட்டிலிருந்து, ஆறு மாதம் சும்மா வந்து படி என்றால் யார் வருவார்கள்? கூலி இல்லாத பயிற்சி வசதி உள்ளவருக்கு மட்டுமே பயிற்சி.

நான்கு: பெண்கள். நடவு வேலை இழந்த பெண்களை ஊறுகாய்க்கும் தையலுக்கும் மட்டும் அனுப்பி முடித்துவிடக் கூடாது. தர ஆய்வுக் கூடம், மின் தகடு பொருத்துதல், பம்பு இயக்குதல் எல்லாம் அவர்களால் முடியும்.

ஐந்து: அரசு உதவி பெறும் ஒவ்வொரு புது ஆலையும், அது தனியாரே ஆனாலும், பட்டியல் சாதியினர் உள்ளிட்ட உள்ளூர் மக்களுக்கு வேலையில் பங்கு தர வேண்டும் என்பதை உதவியின் நிபந்தனையாக எழுத வேண்டும்.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். கனிமம் எடுப்போரிடம் வசூலித்து, சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களுக்கே செலவிட 2015ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி மாவட்டக் கனிம அறக்கட்டளை இருக்கிறது. குடிநீர், சுகாதாரம், கல்வியோடு திறன் பயிற்சியும் அதன் முன்னுரிமைச் செலவுகளில் ஒன்று. தலைவர் மாவட்ட ஆட்சியர். பணம் இருக்கிறது, தலைப்பு இருக்கிறது. அதில் நம் சேரிக்கு எவ்வளவு வந்தது என்று கேட்கும் குரல்தான் இன்னும் எழ வேண்டும்.

மே முதல் நாள்

படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வேலை தருகிறோம். பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி ஒரு மனு எழுதுங்கள். நம் மாவட்டக் கனிம அறக்கட்டளையில் கடந்த ஐந்து ஆண்டுகளில் திறன் பயிற்சிக்குச் செலவிட்டது எவ்வளவு, பயிற்சி பெற்றவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். வந்த பதிலை ஊர்ப் பலகையில் ஒட்டுங்கள்.

வேலைக்குப் போகும் அண்ணன்களுக்கு ஒன்று சொல்கிறோம். பழைய கேட் சீட்டு எதையும் கிழித்துப் போடாதீர்கள். வருங்கால வைப்பு நிதிக் கணக்கு எண்ணை வைத்துப் பாஸ்புக்கை எடுத்து வையுங்கள். ஒப்பந்ததாரர் எத்தனை பேர் மாறினாலும் எத்தனை ஆண்டுகள் பணம் பிடித்தார்கள் என்பதை அது சொல்லும். உங்கள் அனுபவத்துக்கு இன்றைக்கு இருக்கும் ஒரே எழுத்துச் சாட்சி அதுவாகவும் இருக்கலாம்.

ஊராருக்கு ஒன்று. ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அதில் ஒன்று தொழிலாளர் தினமான மே 1. மாலை வாங்கிப் போடுவதற்கு முன்னால் ஒரு தீர்மானம் எழுதிக்கொண்டு போவோம்: எங்கள் ஊரில் கரியால் வேலை பெற்றவர்கள், கரியால் வேலை இழந்தவர்கள் இருதரப்பின் பெயர்ப் பட்டியலையும் எடுக்க வேண்டும், மாறிவரும் தொழிலில் அவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் பயிற்சியும் இடமும் வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் அதை ஏற்றும்வரை எழுந்திருக்க வேண்டாம்.

லெகோ அடுப்பு அணைந்தபோது நம்மவர்கள் சத்தமில்லாமல் வீட்டுக்கு நடந்தார்கள். அப்போது நாம் பள்ளிக்கூடத்திலும் கல்லூரியிலும் இருந்தோம். யாரையும் கேட்கத் தெரியவில்லை. இன்று நம்மில் வழக்கறிஞர் இருக்கிறார்கள், ஆசிரியர் இருக்கிறார்கள், மனு எழுதத் தெரிந்த மாணவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். அடுத்த உலை அணைவதற்குள் அந்தச் சின்னம்மாவின் பெயர் ஒரு பட்டியலில் ஏறியிருக்க வேண்டும். அது நம் கையில் இருக்கிறது.